“ஒரே ஞானஸ்நானம் பெற்ற நாம்”: ஒரு கூட்டறிக்கை வரிக்கு நேர்ந்தது

அந்த வரியைத் தமிழில் எழுதிக் கொடுத்தவன் நான். ஆகவே ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவனின் ஆய்வு என்று இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

மண்டபத்தில்

ஜனவரி 18இலிருந்து 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான இறைவேண்டல் வாரம். 1908இல் அமெரிக்காவில் பால் வாட்சன் என்ற குரு தொடங்கி வைத்தது. அப்போது அவர் ஆங்கிலிக்கன் மரபில் இருந்தார். மறு ஆண்டே தம் துறவுக் குழுவோடு கத்தோலிக்கரானார். ஒன்றிப்பு என்றால் யார் யாரிடம் போய்ச் சேர்வது என்ற கேள்வி, பிள்ளை பிறந்த அன்றே கூடப் பிறந்துவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன், தைப்பூசத்துக்கு முந்தின வாரம், கோலாலம்பூரில் ஒரு மண்டபத்தில் தமிழ்ச் சபைகள் பல சேர்ந்து அந்த வாரத்தை அனுசரித்தன. கத்தோலிக்கர், லூத்தரன், மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே, கடைவீட்டு மாடியில் கூடும் சுயாதீன சபைகள் என்று எல்லாரும் வந்திருந்தார்கள். ஏர்கோன் வேலை செய்யவில்லை. வாசலில் கொடுத்த தாளை மடித்து மண்டபமே விசிறிக்கொண்டிருந்தது.

இயேசு கற்பித்த ஜெபம் வந்தபோது ஒரு பாதி “எங்கள் தந்தையே” என்றது, மறு பாதி “எங்கள் பிதாவே” என்றது. ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து, அவர்கள் இழுக்க இவர்கள் ஓட, ஒருவழியாகக் கடைசிக்கு வந்து சேர்ந்தோம். கத்தோலிக்கர்கள் தீமையிலிருந்து விடுதலை கேட்டு நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் “ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்” என்று போய்க்கொண்டே இருந்தார்கள். எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு சிஸ்டர், சொல் தெரியாமல் இரண்டு விநாடி தடுமாறி, “ஆமென்” மட்டும் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அப்புறம் ஆறு தலைவர்கள் மேடையேறிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். படம் எடுத்தார்கள். மீஹூனும் கறிபாப்பும் தே ஓவுமாகப் பசியாறிவிட்டு எல்லாரும் கலைந்தோம்.

அறிக்கையின் மூலம் ஆங்கிலம். இரண்டு நாள் முன்னதாகப் புலனத்தில் எனக்கு வந்தது, “சின்னதுதான் சார், தமிழ்ல போட்டுக் கொடுங்க” என்ற குறிப்போடு. ஒன்றரைப் பக்கம். அதன் நடுவில் இருந்த வாக்கியத்தை நான் இப்படி எழுதினேன்: “ஒரே ஆண்டவர், ஒரே விசுவாசம், ஒரே ஞானஸ்நானம் பெற்ற நாம், கிறிஸ்துவுக்குள் ஒரே சரீரமாயிருக்கிறோம்; இந்த ஐக்கியத்தில் மேலும் வளர உறுதி கொள்கிறோம்.” எபேசியர் நாலாம் அதிகாரத்திலிருந்து எடுத்தது. யார் ஆட்சேபம் சொல்வார்கள்? ஒருவரும் சொல்லவில்லை.

போர்ட்டிக்சன்

செந்தூலில் ஒரு அம்மா இருக்கிறார். எழுபத்தைந்தைத் தாண்டியவர், ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த குடும்பம், மூன்று தலைமுறை லூத்தரன். அன்றைக்கு மண்டபத்துக்கு வந்திருந்தார். மற்றவர்கள் விசிறிய தாளை அவர் விசிறவில்லை. நாலாக மடித்து வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டதை நானே பார்த்தேன்.

மூன்று மாதம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது.

“தம்பி, அந்தப் பேப்பரைத் தமிழ்ல எழுதுனது நீங்கதானாமே. அதுல ஒரே ஞானஸ்நானம்னு போட்டிருக்கீங்க. என் பேத்திக்கு இப்ப ரெண்டு ஆயிருச்சே.”

பேத்திக்கு இருபத்து நாலு வயது. பூச்சோங் பக்கம் ஒரு சுயாதீன சபையைச் சேர்ந்த பையனோடு கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணம் அந்தச் சபையில் நடக்க வேண்டுமானால் பெண் அங்கே அங்கத்தினராக வேண்டும். அங்கத்தினராக வேண்டுமானால் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை காலை, சபையார் இரண்டு வேனில் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போய், அலை குறைவான இடம் பார்த்து ஏழு பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்துத் திரும்பினார்கள். பேத்தியும் ஏழில் ஒருத்தி. பாட்டிக்கு விஷயம் தெரிந்தது படம் வந்த பிறகுதான்.

நான் அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு பழைய மைலோ டின்னை எடுத்து வந்து மேசையில் வைத்தார். அதற்குள் பேத்தியின் ஞானஸ்நானச் சான்றிதழ். மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது கொடுத்தது. போதகர் ஐயரின் கையெழுத்து, ஞானப் பெற்றோர் பெயர், ஓரத்தில் பழுப்பேறிய டேப். பக்கத்தில் நம் கூட்டறிக்கையை விரித்து வைத்தார். “ஒரே ஞானஸ்நானம்” என்பதற்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தது.

“இதுல கையெழுத்துப் போட்டவருல ஒருத்தரோட கூட்டமைப்புலதான் அந்த பாஸ்டர் சபையும் இருக்கு. அப்ப நாங்க அன்னிக்குக் கொடுத்தது என்ன தம்பி, வெறும் தண்ணியா?”

அவர் அழவில்லை. கணக்கு வாத்தியார் விடைத்தாளைக் கேட்பதுபோலத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் விசாரிக்கத் தொடங்கினேன்.

ஆளுக்கு ஒரு “ஒரே”

முதலில் பூச்சோங் பாஸ்டரைப் பார்த்தேன். மாமாக் கடையில் தே தாரிக்கோடு ஒரு மணி நேரம் பேசினோம். இளைஞர், மரியாதையானவர், மழுப்பாதவர்.

“அண்ணே, நாங்க யாருக்கும் ரெண்டாவது ஞானஸ்நானம் கொடுக்கிறதே இல்ல. ஒண்ணுதான் கொடுக்கிறோம். விசுவாசம் முதல்ல, ஞானஸ்நானம் அப்புறம். மாற்கு 16:16ஐப் பாருங்க. மூணு மாசப் பிள்ளை என்னத்த விசுவாசிக்கும்? அன்னிக்கு நடந்தது பிள்ளையைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்த ஜெபம். நல்லதுதான். ஆனா ஞானஸ்நானம் இல்ல.”

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இந்த வழக்கின் முடிச்சு. அறிக்கையில் இருந்த “ஒரே ஞானஸ்நானம்” அவருக்கு முழுக்க முழுக்க உண்மை. அந்த ஒன்று எது என்பதில் மட்டும்தான் அவர் கணக்கு வேறு.

லூத்தரன் ஐயருக்கும் அது உண்மை, வேறு காரணத்தால். “ஞானஸ்நானம் நாம செய்யிற காரியம் இல்ல, கர்த்தர் செய்யிறது. பிலிப்பி சிறைச்சாலைக்காரன் வீட்டுல எல்லாருமே பெற்றாங்க, அப்போஸ்தலர் 16ல இருக்கு. கர்த்தர் ஒரு தடவை சொன்னதை மறுபடி சொல்லச் சொன்னா, முதல் தடவை சொன்னது பொய்யின்னு ஆகுதே.” அவர் அபிஷேகம் பெற்றபோது ஏற்றுக்கொண்ட 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் ஒன்பதாம் பிரிவு, குழந்தை ஞானஸ்நானத்தை மறுப்பவர்களைப் பெயர் சொல்லியே கண்டிக்கிறது. ஆக, அன்று மேடையில் அவர் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டவரின் போதனை, அவர் சபையின் ஏட்டில் இன்னும் கண்டனத்துக்கு உரியது.

மெதடிஸ்டும் ஆங்கிலிக்கனும் இந்த விஷயத்தில் லூத்தரன் பக்கம். வெறும் மரியாதைக்காகச் சொல்லும் ஒற்றுமையும் இல்லை அது. மூன்று சபைகளும் சேர்ந்து 1979இல் ஆரம்பித்த மலேசிய இறையியல் கல்லூரியில் அவர்களின் போதகர்கள் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

கத்தோலிக்க நிலை இன்னொரு வகை. தண்ணீரும் “பிதா, குமாரன், பரிசுத்த ஆவி” என்ற வாசகமும் முறையாக இருந்தால் லூத்தரன் கொடுத்தாலும் பாஸ்டர் கொடுத்தாலும் அது ஞானஸ்நானமே; மறுபடி கொடுப்பதில்லை. மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜின் ஆயர் சிப்ரியானும் ரோமின் ஆயர் ஸ்தேவானும் சண்டை போட்ட விஷயம் இதுதான். ரோமின் கட்சி நிலைத்தது. ஆனால் அதே கத்தோலிக்கத் திருப்பலியில் அந்த லூத்தரன் அம்மா நற்கருணை அப்பம் வாங்க முடியாது. திருச்சபைச் சட்டம் 844 அதை அரிதான அவசரங்களுக்கு மட்டுமே விட்டு வைத்திருக்கிறது. பூச்சோங் பாஸ்டர் நேர் எதிர். அவர் சபையில் அப்பமும் ரசமும் அம்மாவின் கைக்குத் தாராளமாக வரும், ஞானஸ்நானம் மட்டும் செல்லாது. ஒருவர் தண்ணீரை ஏற்றுக்கொண்டு பந்தியை மறுக்கிறார். இன்னொருவர் பந்தியில் உட்கார வைத்துத் தண்ணீரை மறுக்கிறார். இரு தரப்புத் தலைவர்களும் ஒரே தாளில், ஒரே பேனாவால் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

வரியைப் பிரித்துப் பார்த்தால்

இங்கேதான் என் பங்கு வருகிறது.

ஆங்கில மூலத்தில் தன்மைப் பன்மை ஒரே சொல். தமிழில் அந்த வசதி கிடையாது. “நாம்” என்றால் கேட்பவனும் உள்ளே, “நாங்கள்” என்றால் அவன் வெளியே. மலாயிலும் அப்படித்தான். அறிக்கையை மலாயில் எழுதியவர் எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார்: கீத்தாவா (நாம்), காமியா (நாங்கள்)? கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கையெழுத்திட்ட ஆறு பேர் தங்களைப் பற்றி மட்டும் சொல்கிறார்களா, மண்டபத்தில் இருந்த அத்தனை பேரையும் சேர்த்துச் சொல்கிறார்களா? குழுவிடம் கேட்காமல், நல்ல மனசோடு, “நாம்” என்று போட்டுவிட்டேன். அந்த “நாம்”தான் செந்தூல் அம்மாவையும் அவர் பேத்தியையும் மைலோ டின்னில் இருந்த சான்றிதழையும் உள்ளே இழுத்தது.

“ஐக்கியம்” அடுத்தது. கத்தோலிக்கர்கள் இந்தப் பொருளில் பேசும்போது சொல்வது “ஒன்றிப்பு”. அதற்கு ஒரு கனம் உண்டு: ஒருநாள் கண்ணுக்குத் தெரியும் ஒரே திருச்சபை. புராட்டஸ்டண்ட் காதில் “ஐக்கியம்” என்பது வெள்ளிக்கிழமை ராத்திரி யாராவது வீட்டில் கூடிப் பாடி, ஜெபித்து, டீ குடிப்பது. யோவானின் முதல் நிருபத்தில் பழைய மொழிபெயர்ப்பு அந்தச் சொல்லைத்தான் உறவாடுதலுக்கு வைத்திருக்கிறது. “ஐக்கியத்தில் மேலும் வளர” என்று எழுதினேன். ஒருவர் அதில் ஒரே சபையைப் பார்த்தார். இன்னொருவர் மாதம் ஒரு கூட்டம் கூடுதலாகப் போடலாம் என்று பார்த்தார். இருவரும் தலையாட்டினார்கள்.

ஞானஸ்நானம் என்ற சொல்லிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. கத்தோலிக்கர்கள் இப்போது அதைத் “திருமுழுக்கு” என்கிறார்கள், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே. முழுக்க முக்கி எடுக்கும் பாஸ்டரோ ஸ்நானம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். “பேராயர்” இன்னும் மோசம்: கத்தோலிக்கரிடம் அது ஆயருக்கு மேலே உள்ள பதவி, மற்றவர்களிடம் அதுவே பிஷப். கையெழுத்துப் பட்டியலில் யாருக்கு எதைப் போடுவது என்று நாங்கள் இரண்டு மணி நேரம் பேசினோம். ஞானஸ்நான வரிக்கு இரண்டு நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை.

இந்த மூட்டம் ஏன்?

தலைவர்கள் மேல் பழி போடுவது சுலபம். அது முழு நியாயமில்லை.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலேசியர்களில் கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு. 1985இல் உருவான மலேசியக் கிறிஸ்தவக் கூட்டமைப்பு மூன்று தரப்பை ஒரே கூரையின் கீழ் கொண்டு வந்தது: கத்தோலிக்க ஆயர் பேரவை, மரபுவழிப் புராட்டஸ்டண்ட் சபைகளும் கீழைச் சபைகளும் அடங்கிய திருச்சபைகள் மன்றம், பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் முதலிய சபைகளை உள்ளடக்கிய சுவிசேஷ ஐக்கியம். நாட்டில் ஒரே குரலாகப் பேசுவதற்காகக் கூடிய கூரை அது. அதன் கீழ் உட்கார்ந்து குழந்தை ஞானஸ்நானத்தைப் பேசித் தீர்க்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

2009 டிசம்பர் 31இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் “அல்லாஹ்” என்ற சொல்லைக் கிறிஸ்தவ இதழும் பயன்படுத்தலாம் என்று தீர்ப்பளித்தது. வழக்கைத் தொடுத்தது கத்தோலிக்க வார இதழான ஹெரால்டு. எட்டு நாள் கழித்து, 2010 ஜனவரி 8 அதிகாலை, டேசா மெலாவத்தியில் மெட்ரோ தபர்னக்கல் தேவாலயத்துக்குத் தீ வைக்கப்பட்டது. அது அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபை, பெந்தெகொஸ்தே. வழக்கு ஒருவருடையது, எரிந்தது இன்னொருவருடைய கட்டடம். வெளியே நிற்பவனுக்கு நாம் எல்லாரும் ஒன்றுதான் என்பது அன்று எல்லாருக்கும் புரிந்தது. அப்படி ஒரு விடியலைக் கண்டவர்கள், உள்வீட்டுத் தகராறை மைக் முன்னால் பேசத் தயங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். அதே தலைவர்கள் அரசாங்கத்துக்கு எழுதும்போது எவ்வளவு கறாராக எழுதுகிறார்கள்! மதச் சுதந்திரம் தரும் கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு என்பார்கள், வேதாகமப் பிரதிகள் தொடர்பாக 2011இல் அரசு தந்த பத்து அம்சத் தீர்வு என்பார்கள், எந்த அம்சம் எங்கே மீறப்பட்டது என்று சுட்டிக்காட்டுவார்கள். தெளிவாக எழுதத் தெரியாதவர்கள் இல்லை. வெளியாரிடம் பேசும்போது வானம் தெளிவாக இருக்கிறது. தங்களுக்குள் என்றதும் ஆகஸ்ட் மாதப் புகைமூட்டம்போல் கவிந்துகொள்கிறது, எதிர்க்கட்டடம் தெரிவதில்லை.

கையெழுத்துப் போடாதவர்கள்

வேறு மாதிரி எழுத முடியுமா? எழுதியிருக்கிறார்கள்.

2007 ஏப்ரல் 29இல் ஜெர்மனியின் மாக்டபர்க் பேராலயத்தில் பதினோரு சபைகள் ஒருவர் ஞானஸ்நானத்தை ஒருவர் ஏற்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. கத்தோலிக்கர், லூத்தரன் உள்ளிட்ட புராட்டஸ்டண்டுகள், ஆர்த்தடாக்ஸ், மெதடிஸ்ட் எல்லாரும் இருந்தார்கள். குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத பாப்டிஸ்டுகளும் மென்னோனைட்டுகளும் கையெழுத்துப் போடவில்லை. அவர்களால் மனசாட்சிப்படி முடியாது. எனக்கு அந்த ஆவணத்தில் பிடித்ததே அந்த இரண்டு காலியிடங்கள்தான். செந்தூல் அம்மா ஜெர்மனியில் இருந்திருந்தால், பேத்தி எந்தச் சபைக்குப் போனால் சான்றிதழ் செல்லும், எதற்குப் போனால் செல்லாது என்று அதைப் பார்த்தே சொல்லியிருப்பார். கல்யாணப் பேச்சு தொடங்கும்போதே கேட்டிருப்பார்.

அதற்கும் முன்னால், 1982இல் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் லீமா ஆவணம், மறு ஞானஸ்நானம் என்று பொருள்படக்கூடிய எந்தச் செயலையும் தவிர்க்க வேண்டும் என்று நேரடியாகவே சொன்னது. பூச்சோங் பாஸ்டர் அதை ஏற்கமாட்டார். சரி, ஏற்காமல் போகட்டும். எதை ஏற்கவில்லை என்பதாவது தெரிகிறதே.

2010 ஜூலையில் ஸ்டுட்கார்ட்டில் கூடிய லூத்தரன் உலகக் கூட்டமைப்பு, மறு ஞானஸ்நானக்காரர் என்று தங்கள் முன்னோர் துன்புறுத்தியவர்களின் வழிவந்த மென்னோனைட்டுகளிடம் மன்னிப்புக் கேட்டது. செய்த குற்றத்தைப் பெயர் சொல்லிக் கேட்ட மன்னிப்பு. கொள்கை வேறுபாடு அப்படியேதான் இருக்கிறது. அது இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை.

நம் ஆட்களுக்கும் இது தெரியாத வித்தை இல்லை. வெள்ளாளன்விளை அசரியா, அப்போது தோர்ணக்கல் பிஷப், 1919 மே மாதம் தரங்கம்பாடியில் முப்பத்து மூன்று பேரில் ஒருவராக உட்கார்ந்து சபை ஐக்கியத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். பிஷப் வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த அர்த்தத்தில் வேண்டும் என்ற சிக்கலை அதிலேயே பெயர் சொல்லி வைத்தார்கள். அதை அவிழ்க்க இருபத்தெட்டு ஆண்டு ஆயிற்று. 1945 புத்தாண்டு அன்று அசரியா இறந்துபோனார். 1947 செப்டம்பர் 27இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1970 நவம்பரில் நாக்பூரில் உருவான வட இந்தியத் திருச்சபையில் பாப்டிஸ்டுகளும் சேர்ந்தார்கள். குழந்தை ஞானஸ்நானம், விசுவாசி ஞானஸ்நானம் இரண்டுக்கும் இடம் உண்டு என்று எழுதி வைத்தே சேர்ந்தார்கள். இருபத்தெட்டு ஆண்டு என்பது நீளம்தான். நாங்கள் பேராயர் பட்டத்துக்குச் செலவழித்த இரண்டு மணி நேரத்தோடு அதை ஒப்பிடக் கூச்சமாக இருக்கிறது.

மறு ஜனவரி

இதையெல்லாம் சுருக்கி ஒரு பக்கமாக எழுதிக் குழுவிடம் கொடுத்தேன். நான் கேட்டது ஒரே ஒரு வாக்கியம்: “ஒருவர் ஞானஸ்நானத்தை மற்றவர் ஏற்பதில் எங்களில் சிலர் இன்னும் உடன்படவில்லை, பிள்ளைகளுக்குக் கலப்புத் திருமணம் பேசுவோர் இரு போதகரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.” “நாங்கள்” என்பதிலிருந்து வந்த “எங்களில்”, கவனித்தே போட்டது.

அமைதியாகக் கேட்டார்கள். ஒருவர், “கொண்டாட்ட நாள்ல இது கொஞ்சம் நெகட்டிவ்வா இருக்கும் பிரதர்” என்றார். இன்னொருவர், பத்திரிகைக்காரர்கள் இதை மட்டும் பிடித்துக்கொள்வார்கள் என்றார். கத்தோலிக்கத் தரப்பிலிருந்து வந்த ஃபாதர் மட்டும், போடலாமே, பொய் ஒன்றும் இல்லையே என்றார். வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. பரிசீலிப்போம் என்று தேநீருக்கு எழுந்தார்கள்.

அடுத்த ஜனவரி, அதே மண்டபம். ஏர்கோனைச் சரி செய்திருந்தார்கள், ஆனால் போதவில்லை. தாளை வாங்கியதும் நான் முதலில் தேடியது அந்த வரியைத்தான். நான் கொடுத்த வாக்கியம் இல்லை. “ஒரே ஞானஸ்நானம்” என்பதும் இல்லை. அந்த இடத்தில், “வேற்றுமைகளுக்கு அப்பால் ஒரே பயணத்தில் கைகோத்து நடக்கிறோம்” என்று இருந்தது. இந்த முறை மொழிபெயர்த்தது வேறொருவர். “நாம்”, “நாங்கள்” இரண்டையும் தொடாமலே வாக்கியத்தை முடித்திருந்தார். தமிழில் எழுவாயை விட்டுவிடலாம் என்பது எனக்குத் தோன்றாமல் போயிற்று.

செந்தூல் அம்மா இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார். பேத்தியும் வந்திருந்தாள், புருஷனோடு. கல்யாணம் பூச்சோங்கில்தான் நடந்தது. பாட்டி போய், முன் வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டு வந்தார். மைலோ டின் இப்போது பேத்தி வீட்டில் இருக்கிறது என்று பின்னால் சொன்னார்.

அறிக்கை வாசிக்கப்பட்டபோது அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கூடவே வந்தார். பயணம் வந்த இடத்தில் விரல் ஒரு கணம் நின்றது. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் இல்லை. அப்புறம் அதை நீளவாக்கில் இரண்டாக மடித்து, பேத்தியின் பக்கமாகக் காற்று படும்படி, மெதுவாக விசிறத் தொடங்கினார்.